கோடரிச் சத்தம் கேட்கிறவரை

சோப்புக் காய்ச்சுகிற அன்றைக்கு வீட்டுக்கு ஆள் வரக் கூடாது. மிசௌரி மலைக்காட்டில் எந்தப் பொம்பளையைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வாள். ஒருத்தி கைதான் துழாவ வேண்டும், ஒரே பக்கமாகத் துழாவ வேண்டும். நடுவில் கை மாறினால் கொழுப்பு ஒரு பக்கம், காரத்தண்ணீர் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். பிறகு கர்த்தரே வந்து துழாவினாலும் சேராது. இதில் மெய் எவ்வளவு, பொய் எவ்வளவு என்று சோதித்துப் பார்த்தவர் கிடையாது. கெட்டுப்போனால் ஒரு குளிர்காலத்துச் சாம்பலும் ஒரு பன்றியின் கொழுப்பும் பாழ். யார் சோதிப்பார்கள்?

மகாலா ப்ரூயட் அன்றைக்கு விடிந்ததுமே முற்றத்தில் கொப்பரையை ஏற்றிவிட்டாள். மார்ச் மாதம். மழை விட்டு ரெண்டே நாள். ஓடையில் தண்ணீர் இன்னும் செம்மண்ணாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சாம்பல் தொட்டியிலிருந்து வடிந்த காரத்தண்ணீரில் ஒரு முட்டையைப் போட்டுப் பார்த்தாள். முட்டை முழுகாமல் கட்டைவிரல் நகமளவு மண்டையைக் காட்டிக்கொண்டு மிதந்தது. பதம் சரி. பன்றிக்கொழுப்பைக் கொட்டித் துடுப்பைப் பிடித்தாள். அப்புறம் கையை எடுக்கவில்லை.

சூரியன் வால்நட் மரத்துக்கு மேலே வந்தபோது கடைக்குட்டி லெட்டி ஓடி வந்தாள்.

"அம்மா, ரெண்டு குதிரை வருது. ஒண்ணு மில்லுக்காரத் தாத்தா குதிரை."

"கொப்பரை கொதிக்குது, கிட்டே வராதே. இன்னொண்ணு யாரு?"

"தெரியல. தொப்பி புதுசு."

அந்தப் பள்ளத்தாக்கில் புதுத் தொப்பி போட்டு வந்தவன் எவனும் நல்லது செய்துவிட்டுப் போனதில்லை. மகாலாவுக்குத் தெரிந்துவிட்டது. அவள் புருஷன் ஹிராம் காலையிலேயே சவரம் செய்துகொண்டு ஏன் உட்கார்ந்திருந்தான் என்பதும் அப்போதுதான் விளங்கியது.

மில்லுக்காரர் ஹாம்ப்ளின் மாவு அரைக்கிறவர். அந்த மலைப்பக்கத்துக்கு நியாயஸ்தரும் அவர்தான். கல்யாணம் செய்துவைப்பார், யார் பன்றி என்று காதில் வெட்டிய அடையாளத் தகராறு தீர்ப்பார், நிலப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவார். புதுத் தொப்பிக்காரன் பெயர் வாண்டிவர். நிலம் வாங்க வந்தவன். நிலம் என்றால் ஓடைக்கரையும் ஊற்றும்தான், மற்றதெல்லாம் கல்.

அங்கே ஒரு சட்டம் உண்டு. புருஷன் நிலத்தை விற்றால் பெண்டாட்டியும் கையெழுத்துப் போட வேண்டும். அதுவும் நியாயஸ்தர் அவளைப் புருஷன் காதுக்கு எட்டாமல் தனியாக வைத்து, "நீ பயந்தோ கட்டாயத்தின் பேரிலோ இல்லாமல், உன் இஷ்டத்தோடு போடுகிறாயா?" என்று கேட்க வேண்டும். சட்டம் எழுதினவர்களுக்குப் பெண்டாட்டிமார் மேல் அத்தனை கரிசனமா என்றால், அதெல்லாம் ஒன்றும் இல்லை. புருஷன் செத்த பிறகு, "மூன்றில் ஒரு பங்கு எனக்கு" என்று விதவை வந்து நின்றால் வாங்கினவன் கதி என்ன? அவனைக் காப்பாற்றத்தான் அந்தக் கேள்வி. ஆனாலும் கேள்வி கேள்விதான்.

ஒற்றை அறை வீடுகளில் தனியாக எங்கே போவது? அதற்கு அந்த ஊரார் ஒரு வழி வைத்திருந்தார்கள். புருஷன் முற்றத்தில் விறகு வெட்டுவான். வாங்குகிறவன் பக்கத்தில் சாட்சியாக நிற்பான். உள்ளே நியாயஸ்தரும் பெண்டாட்டியும். கோடரிச் சத்தம் கேட்கிறவரை புருஷன் ஒட்டுக் கேட்கவில்லை என்று அர்த்தம். சத்தம் நின்றால் பேச்சும் நிற்க வேண்டும்.

மகாலா இதுவரை இரண்டு முறை கோடரிச் சத்தத்துக்குள் உட்கார்ந்திருக்கிறாள். டென்னசியில் ஒரு முறை, பத்தொன்பது வயதில். கேள்வியே விளங்கவில்லை, தலையை ஆட்டினாள். அங்கே ஒரு குழந்தையைப் புதைத்துவிட்டு வண்டி ஏறினார்கள். இல்லினாயில் ஒரு முறை. அப்போது கேள்வி விளங்கியது, ஆனாலும் தலையை ஆட்டினாள். அங்கே புதைத்தது இரண்டு. ஹிராமுக்கு எப்போதும் அடுத்த மலைக்கு அந்தப் பக்கம்தான் நல்ல மண்.

இப்போது மேற்குக் கடலோரத்து ஆரிகன் என்கிறான். ஆறு மாத வண்டிப் பாதை. அங்கே சர்க்கார் சும்மா நிலம் கொடுக்கிறது. ஒண்டிக்கட்டைக்கு நூற்று அறுபது ஏக்கர். பெண்டாட்டியோடு போனால் அவள் பேரில் இன்னொரு நூற்று அறுபது.

போன வாரம் சாப்பாட்டு நேரத்தில்தான் இதைச் சொன்னான். சோளரொட்டியும் உப்புப் பன்றிக்கறியும், ஓடைக்கரையில் பறித்த கீரையும் தட்டில் இருந்தன.

"உன் பேர்லே நிலம், மகாலா. சர்க்கார் முத்திரை போட்டு. உங்க அம்மா, அவ அம்மா, யாருக்காவது இருந்துச்சா?"

"கெசியா?" என்றாள் மகாலா.

கெசியா மூத்தவள், பதினாறு வயது. இரண்டு வருஷத்துக்கு முன் காய்ச்சலில் விழுந்து எழுந்தவளுக்கு வலது முழங்கால் வெள்ளையாக வீங்கிக்கொண்டது. கீறிவிட்டால் வடிகிறது, மூடினால் வீங்குகிறது. படுக்கையிலிருந்து தூக்கி நாற்காலியில் வைத்தாலே உதட்டைக் கடித்து ரத்தம் வரவழைத்துக்கொள்வாள். வண்டியில் ஏற்றினால் முதல் ஆற்றைத் தாண்டுமுன் சாவாள் என்று வைத்தியன் சொல்லிவிட்டான். அவன் சொன்னதில் அது ஒன்றுதான் நம்பும்படி இருந்தது.

"சபீனா வச்சுக்கிறேன்னு சொல்றா," என்றான் ஹிராம். சபீனா அவன் அக்கா. இரண்டு மலை தள்ளி இருக்கிறாள், வீட்டில் பெரிய தறி ஓடுகிறது. "கால்தானே இல்லை? கை இருக்கே. கம்பளி சிக்கெடுக்கட்டும், நூல் நூற்கட்டும். சோறு போடுவா."

"சபீனா அக்கா வீட்டு நாய்கூடப் பசியிலே ஓடிப்போச்சு."

"வாயை மூடுடி."

கட்டிலிலிருந்து கெசியாதான் சிரித்தாள். "நான் ஓட மாட்டேன்ல, அதான் அத்தை என்னைக் கேக்கிறா."

ஹிராம் கீரையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனான்.

"ஒரு வருஷம் பொறுங்க," என்று மகாலா வாசல்வரை போய்ச் சொன்னாள். "அவ கால் ஒரு வழிக்கு வரட்டும்."

"சும்மா குடுக்கிற நிலம் ஒரு வருஷம் காத்திருக்குமா? இன்னும் ரெண்டு வருஷத்துலே அந்தச் சட்டம் முடியுது. போறதுக்கே அரை வருஷம். ஏப்ரல்லே கிளம்பலேன்னா மாட்டுக்குப் புல் கிடைக்காது. எனக்கு நாப்பத்தினாலு வயசு. இந்தக் கல்லைப் பொறுக்கிக்கிட்டே சாகணுமா நான்?"

அவன் சொன்னதும் பொய்யில்லை. அந்தக் காட்டில் கலப்பை ஒரு முறை போனால் கல்தான் அறுவடை.

இப்போது குதிரைகள் முற்றத்தில் நின்றன. ஹாம்ப்ளின் இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"ப்ரூயட்டம்மா, சௌக்கியமா? நல்ல நாள் பாத்துத்தான் வந்திருக்கோம் போல."

"சோப்பு நாள்லே வந்திருக்கீங்க, நியாயஸ்தரே. என் கை துடுப்பை விட முடியாது."

"ரெண்டு நிமிஷ வேலைம்மா. உள்ளே வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துரு."

"இங்கேயே கேளுங்களேன். அவர் ஓடைப்பக்கம் போய் நிக்கட்டும்."

ஹிராம் கோடரியை எடுத்துக்கொண்டிருந்தவன் திரும்பினான். "என் முற்றத்தை விட்டு நான் போவணுமா?"

ஹாம்ப்ளின் தாடியைச் சொறிந்தார். "வழக்கம்னு ஒண்ணு இருக்கில்லே, அம்மா. புருஷன் முற்றத்துலே, பெண்டாட்டி உள்ளே. மாத்திப் பண்ணினா நாளைக்கு ஒருத்தன் வந்து செல்லாதும்பான். வாண்டிவர் காசைக் கையிலே வச்சுக்கிட்டு நிக்கறார் பாரு."

மகாலா துடுப்பை விடாமல் நின்றாள். அவளுக்குத் தெரிந்த பயம் ஒன்றே ஒன்று. உள்ளே கெசியா இருக்கிறாள். நேற்றுத்தான் முழங்காலைக் கீறியிருக்கிறது, அசைக்கக் கூடாது. சட்டம் புருஷனை வெளியே அனுப்பும். பிள்ளையை அனுப்பாது. அவள் கட்டிலுக்கு நாலடி தள்ளி உட்கார்ந்து, "இவளை விட்டுவிட்டுப் போக எனக்குச் சம்மதம்" என்று வாயால் சொல்ல வேண்டும். இல்லையென்றால், "இவளால்தான் நாங்கள் எல்லாரும் இந்தக் கல்லில் கிடக்கப் போகிறோம்" என்று அவள் காதுபடவே சொன்னதாக ஆகும்.

"நான் துழாவறேன்மா," என்றாள் லெட்டி.

"வேண்டாம்டி."

"போடி உள்ளே," என்றான் ஹிராம். மகாலாவைத்தான்.

துடுப்பைச் சின்னவள் கையில் கொடுத்தாள். "இந்தப் பக்கமாத்தான். மாத்திச் சுத்தாதே." பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வீட்டில் ஒரே ஜன்னல், நாலு கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்காக மகாலா மூன்று வருஷம் வாத்து இறகு பறித்து விற்றாள். கெசியாவின் கட்டில் அதன் அடியில்தான். அவள் மடியில் கம்பளி இருந்தது, இரண்டு கையிலும் சிக்கெடுக்கிற முள்பலகை. சர்ரக், சர்ரக் என்று இழுத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க தாத்தா. எங்க வீட்டு நாற்காலிக்கு மூணு கால்தான், என்னைவிட ஒண்ணு அதிகம். பாத்து உக்காருங்க."

"நீ திருந்த மாட்டே," என்றார் ஹாம்ப்ளின், சிரித்தபடி. காகிதத்தைப் பிரித்தார். வெளியே கோடரி விழ ஆரம்பித்தது. டக். ஒரு மூச்சு. டக்.

"மகாலா ப்ரூயட், ஹிராம் ப்ரூயட்டின் மனைவி. இந்தப் பத்திரத்துலே இருக்கிறது உனக்குத் தெரியுமா?"

"எனக்குப் படிக்கத் தெரியாது. நீங்கதான் சொல்லணும்."

"ஓடைக்கரை நிலம் எண்பது ஏக்கர், வீடு, ஊத்து, களஞ்சியம்."

"கெசியா பேர் அதுலே இருக்கா?"

"பிள்ளைங்க பேரு பத்திரத்துலே எழுத மாட்டாங்க, அம்மா."

"சரி."

டக். டக்.

"உன் புருஷன் பயமுறுத்தியோ கட்டாயப்படுத்தியோ இல்லாம, நீ உன் சொந்த இஷ்டத்தோட கையெழுத்துப் போடறியா?"

"கட்டாயம்னா, புருஷன் கட்டாயம் மட்டுந்தானா?"

"சட்டம் அதை மட்டுந்தான் கேக்குது."

"ஓ."

முள்பலகைச் சத்தம் நின்றுவிட்டிருந்தது. கெசியா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். கழுத்தின் பின்பக்கம் மட்டும் தெரிந்தது, கோழிக்குஞ்சின் கழுத்து மாதிரி.

"சரின்னு சொல்லும்மா," என்றாள் திரும்பாமலே. "நான் அத்தை வீட்டுக்குப் போறேன். அங்கே தறி ஓடற சத்தம் இருக்கும். இங்கே என்ன இருக்கு?"

"நீ பேசாதே. இது உன்னைக் கேக்கற கேள்வி இல்லை."

"என்னைப் பத்தின கேள்விதானே."

ஹாம்ப்ளின் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இந்த மாதிரிக் கேள்வியை அவர் நூறு பெண்களிடம் கேட்டிருப்பார். நூறு பேரும் தலையை ஆட்டியிருப்பார்கள்.

"இல்லை," என்றாள் மகாலா.

"எது இல்லை?"

"இஷ்டத்தோட போடல. போட மாட்டேன்."

டக். அவர் ஜன்னலை ஒரு தரம் பார்த்தார். குரலை இறக்கினார். "யோசிச்சுச் சொல்லும்மா. நான் குதிரை ஏறிப் போயிருவேன். நீதான் இந்த வீட்டுலே இருக்கணும். அவர் உன்னைக் கட்டாயப்படுத்தறார்னு எழுதட்டுமா?"

"எழுதாதீங்க. அவர் என்னை அடிச்சதில்லை. போட மாட்டேன்னு மட்டும் எழுதுங்க."

"அதை எழுத இதுலே இடமே இல்லியே," என்றார் பாவம் அந்த மனிதர். உண்மைதான். சரி என்று சொல்கிறவளுக்கு மட்டும்தான் அந்தக் காகிதத்தில் இடம் விட்டிருந்தார்கள்.

அவர் மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனார். கோடரி நின்றது. ஆண்கள் பேசுவது கேட்டது, குதிரைகள் போவது கேட்டது. "ஏம்மா இப்படிப் பண்ணினே?" என்றாள் கெசியா. அது சந்தோஷமா துக்கமா என்று மகாலாவுக்குப் பிடிபடவில்லை.

முற்றத்துக்கு வந்தபோது லெட்டி அழுதுகொண்டு நின்றாள். பயத்தில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சுற்றியிருக்கிறாள். கொப்பரையில் கொழுப்பு தயிர்க்கட்டி மாதிரி மேலே திரண்டு நின்றது, கீழே பழுப்புத் தண்ணீர்.

ஹிராம் அவளைப் பார்க்கவில்லை. எச்சிலைக் கையில் துப்பித் தேய்த்துக்கொண்டு கோடரியைத் திரும்ப எடுத்தான்.

"இங்கேயே இருக்கணும்னு முடிவு பண்ணிட்டே," என்றான் கட்டையிடம் பேசுகிற மாதிரி. "இருந்தாக் குளிருமில்ல. விறகு வேணுமில்ல."

அவ்வளவுதான் பேசினான்.

அந்த வருஷம் முழுதும் அவன் விறகு வெட்டினான். சோளம் விதைக்க வேண்டிய நேரத்துக்கு விதைத்தான், களை எடுக்க வேண்டிய நேரத்துக்கு எடுத்தான், யாரும் குறை சொல்ல முடியாது. மற்ற நேரமெல்லாம் கோடரி. ஓக் மரம், ஹிக்கரி மரம், காற்றில் விழுந்தது, நின்றது எல்லாம் வெட்டிப் பிளந்து கிழக்குச் சுவரோரமாக அடுக்கினான். கூரை இறக்கம் அந்தப் பக்கம்தான் நீளம், மழை படாது. விறகு அங்கேதான் அடுக்க வேண்டும். ஜன்னலும் அந்தச் சுவரில்தான் இருந்தது.

மே மாதத்தில் கீழ்க்கண்ணாடிகள் மறைந்தன. ஜூன் கடைசியில் மேல்கண்ணாடியில் பாதி. வீட்டுக்குள் பகலிலேயே சாயங்காலம் மாதிரி ஆனது. கெசியா கம்பளியைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துச் சிக்கெடுத்தாள்.

ஹாம்ப்ளின் ஒரு நாள் அந்த வழியாக மாவு மூட்டையோடு போனார். குதிரையை நிறுத்திப் பார்த்தார்.

"யப்பா! எவ்வளவு விறகு! ப்ரூயட்டம்மா, நீ குடுத்து வச்சவ. என் பெண்டாட்டி ஒவ்வொரு ஜனவரியும் வேலிக் கம்பைப் பிடுங்கி எரிக்கிறா."

"ஆமாம்," என்றாள் மகாலா. வேறு என்ன சொல்வது? விறகு வெட்டிப் போடுகிற புருஷனைப் பற்றி எந்த நியாயஸ்தரிடம் போய் முறையிடுவது?

அவள் எரிக்க ஆரம்பித்தாள். அதுதான் அவளுக்குத் தெரிந்த வழி. அக்கம்பக்கத்துப் பெண்களிடம் கொழுப்பு கேட்டு வாங்கினாள். சாம்பலுக்குப் பஞ்சமே இல்லை. பத்து நாளைக்கு ஒரு கொப்பரை சோப்பு. ஓடை நெடுகிலும் ப்ரூயட் வீட்டுச் சோப்பில் துவைத்தார்கள். வெயிலில் கொப்பரைக்குப் பக்கத்தில் நின்று நின்று அவள் முகம் பன்றித்தோல் மாதிரி பழுத்தது. அடுப்புக்கு விறகு வேண்டும்போதெல்லாம் வரிசையின் ஓரத்திலிருந்து எடுக்காமல், ஜன்னலுக்கு நேரே மேலேயிருந்து எடுப்பாள். காலையில் அவள் நாலு எடுப்பாள், சாயங்காலத்துக்குள் அவன் ஆறு வைப்பான்.

"அக்கா, இன்னைக்கு எவ்வளவு தெரியுது?" என்று லெட்டி கேட்டால் கெசியா பதில் சொல்வாள்.

"வால்நட் மரத்துலே அணில் உக்கார்ற கொம்புவரை. நேத்து அதுக்குக் கீழேயும் தெரிஞ்சுது."

ஹிராம் கெசியாவிடம் பேசுவதை விட்டுவிட்டான். கோபித்துப் பேசவில்லை, திட்டவில்லை. கட்டிலைச் சுற்றிக்கொண்டு போவான், அங்கே ஒரு பெட்டி இருக்கிற மாதிரி. அதுதான் அவளை அறுத்தது.

"நீயே கேளேன்டி," என்றாள் மகாலா ஒரு நாள், முழங்காலைக் கழுவிக்கொண்டே. ஓக் பட்டை போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர். புண்ணிலிருந்து அரிசியளவு எலும்புத் துண்டு ஒன்று வந்திருந்தது. "அப்பா, இருட்டா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லு. அவருக்கு உன்மேலே பிரியந்தான். நீ பிறந்தப்போ உன்னைத் தொப்பியிலே போட்டுத் தூக்கிக்கிட்டு ஊரெல்லாம் காட்டினார்."

"கேக்க மாட்டேன். அவர் ஆரிகனை நான் தின்னுட்டேன். வெளிச்சம் வேறே வேணுமா எனக்கு?"

செப்டம்பரில் ஒரு மத்தியானம் மகாலா மேலேயிருந்து கட்டை உருவும்போது ஹிராம் அடுத்த சுமையோடு வந்து நின்றான். மழையில்லாத மாதம். காட்டில் இலைகள் பழுக்காமலே காய்ந்து தொங்கின.

"நடுவிலே உருவினா சரிஞ்சு விழும்."

"விழட்டும்."

"உன் மேலேதான் விழும்."

"அதுக்குத்தானே அடுக்கறீங்க."

அவன் சுமையைக் கீழே போட்டான். "நான் என்ன கேட்டேன் உன்னை? வேறே பொம்பளையா? சாராயமா? மண்ணு கேட்டேன். கலப்பையை வச்சா உள்ளே போற மண்ணு. உன் பேர்லேயும் பாதி."

"தனியாப் போங்களேன். நான் தடுத்தனா?"

"தனியாப் போனாப் பாதிதான் குடுப்பான். இதையும் விக்க முடியாது. எதை வச்சு வண்டி வாங்கறது, மாடு வாங்கறது?"

"அப்ப நான் பாதி நிலம். அவ அதுகூட இல்லை."

"நான் அப்படிச் சொன்னனா?"

"நீங்க ஒண்ணுமே சொல்றதில்லை. ஆறு மாசமா அவகிட்டே ஒரு வார்த்தை சொல்லல."

குனிந்து கட்டைகளை எடுத்து ஒவ்வொன்றாக அடுக்கினான். நேர்த்தியாக, பட்டை மேலே இருக்கும்படி.

குளிர்காலம் வந்தது. அந்த வருஷம் ஓடை உறைந்து மில் சக்கரம் நின்றது. வெளியே எட்டிப் பார்க்க முடியாமல் நாலு பேரும் ஒரே அறையில். வறுத்த தானியத்தில் காப்பி, உலர்ந்த ஆப்பிள், சோளக்கூழ், மறுபடி சோளக்கூழ். பேச்சுக்கு லெட்டி மட்டும்தான். விறகு எரிந்தது. ஊரில் எல்லார் வீட்டிலும் நடுங்கிக்கொண்டிருந்தபோது ப்ரூயட் வீட்டில் வேர்த்தது. மகாலா நிறுத்தாமல் எரித்தாள். பிப்ரவரியில் வெளிச்சம் முழுசாக உள்ளே வந்தது, பனியில் பட்டுக் கண் கூசியது. கெசியாவின் கால் குணமாகவில்லை. கொஞ்சம் வீக்கம் வற்றி, மடக்கிய வாக்கில் விறைத்துக்கொண்டது. அவள் எழுந்து உட்கார முடிந்தது, அவ்வளவுதான். ஒரு வருஷத்தில் வந்த லாபம் அது.

மார்ச் முதல் வாரம் ஹாம்ப்ளின் திரும்ப வந்தார். அதே வாண்டிவர். தொப்பி இப்போது பழசு.

"கடைசித் தரம்னு சொல்றார், ஹிராம்," என்றார் ஹாம்ப்ளின். "இல்லேன்னா அந்தப் பக்கத்து ஓடையிலே வாங்கிக்கப் போறார்."

ஹிராம் கோடரியை எடுத்தான். சுற்றிலும் பார்த்தான். வெட்ட ஒன்றும் இல்லை. முற்றத்திலிருந்து மேடுவரை மரமெல்லாம் அவனே வெட்டியாகிவிட்டது, வெட்டினதை எல்லாம் அவள் எரித்தாகிவிட்டது. கட்டையை வைத்துப் பிளக்கிற வெட்டுமுட்டி மட்டும் நின்றது. பிறகு வெறும் முட்டியின் மேல் கோடரியைப் போட ஆரம்பித்தான். வாண்டிவர் வாயைப் பிளந்து பார்த்தான்.

உள்ளே அந்தச் சத்தம் வேறு மாதிரி கேட்டது. விறகு பிளக்கிற சத்தம் இல்லை. மொத்து மொத்தென்று, கதவைத் தட்டுகிற மாதிரி.

"மகாலா ப்ரூயட்," என்று ஹாம்ப்ளின் ஆரம்பித்தார்.

"அவரை உள்ளே கூப்பிடுங்க."

"கூடாது அம்மா. அவர் முன்னாலே சொன்னாச் செல்லாது."

"செல்ல வேண்டாம்."

"சட்டம் உனக்காகத்தான்..."

"எனக்காக இல்லை, நியாயஸ்தரே. என்னை ரெண்டு ஊர்லே கேட்டாங்க, நீங்களும் ஒரு தரம் கேட்டீங்க. கேட்டவங்க எல்லாரும் குதிரை ஏறிப் போயிட்டாங்க."

அவளே போய்க் கதவைத் திறந்தாள். கோடரி பாதியில் நின்றது.

"ப்ரூயட்," என்றாள். அந்த ஊர்ப் பெண்கள் புருஷனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "காதுலே வாங்கிக்கங்க. நான் கையெழுத்துப் போட மாட்டேன். இவ வண்டி ஏற முடிஞ்சா நானும் ஏறுவேன், ஆரிகனுக்கு மட்டுமில்லை, அதுக்கு அந்தப் பக்கம் கடலுக்குன்னாக்கூட. இவ ஏற முடியாது. அதனாலே நானும் ஏற மாட்டேன்."

"எத்தனை வருஷத்துக்கு?"

"தெரியாது."

"சட்டம் முடிஞ்சு போயிரும்."

"முடியட்டும்."

"அப்புறம் நாம எல்லாரும் இங்கேயே சாக வேண்டியதுதான்."

"ஆமாம்," என்றாள் மகாலா. "இங்கேதான்."

வாண்டிவர் குதிரையை அவிழ்த்தான். அடுத்த ஓடைக்குப் போகிறவன் அவசரம் அவனுக்கு. ஹாம்ப்ளினும் பின்னாலேயே போய்ச் சேர்ந்தார். ஹிராம் கோடரியைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டைத் தாண்டி நடந்தான். அந்தப் பக்கச் சரிவில்தான் இனி மரம் இருந்தது. கொஞ்சநேரம் கழித்துச் சத்தம் வந்தது, எட்டத்தில், சின்னதாக.

உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று மகாலாவுக்குத் தோன்றியது. கொப்பரையை ஏற்றினாள். அன்றைக்கும் சோப்பு நாளாக இருக்கட்டும் என்று காரத்தண்ணீரை ஊற்றினாள். முட்டை மிதந்தது. துடுப்பைப் பிடித்தாள்.

மறுநாள் மத்தியானத்துக்குள் ஹிராம் ஒரு வண்டி மரம் இழுத்து வந்து பிளந்துவிட்டான். அன்றைக்கும் அவள் கொப்பரையடியில்தான் நின்றாள், முதல் நாள் பதம் வராமல் இரண்டாம் கொதி. பிளந்ததைச் சுமந்துகொண்டுபோய்க் கிழக்குச் சுவரோரம் போட்டான். முதல் வரிசை, இரண்டாம் வரிசை. ஜன்னல்கட்டையின் மட்டம் வந்தது. அடுத்த கட்டையை எடுத்தான்.

கண்ணாடிக்கு உள்ளேயிருந்து முள்பலகைச் சத்தம் நின்றது.

"அப்பா."

அவன் திரும்பவில்லை. கட்டை கையில்.

"அப்பா, இருட்டாகுது."

ஒரு வருஷமாக அவன் அந்தக் குரலுக்குப் பதில் சொல்லவில்லை. இப்போதும் சொல்லவில்லை. கட்டையைக் கண்ணாடிக்கு எதிரே வைக்கக் கை போயிற்று, வைக்கவில்லை. கீழே போடவும் இல்லை. இடப்பக்கம் பார்த்தான், அங்கே கதவு. வலப்பக்கம் பார்த்தான், அங்கே சாம்பல் தொட்டி. அந்த வீட்டைச் சுற்றி அதை வைக்க வேறு இடம் இல்லாத மாதிரி இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே ஒரு முகம், வெளியே ஒரு முகம், நடுவில் இறகு விற்று வாங்கின கண்ணாடி.

லெட்டி ஓடி வந்தாள். "அம்மா, வந்து பாரேன், அப்பா சும்மா நிக்கறார். வாம்மா."

மகாலா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். போகவில்லை. சோப்பு அப்போதுதான் சேர ஆரம்பித்திருந்தது. ஒரே பக்கமாகத் துழாவிக்கொண்டிருந்தாள்.